திருப்பி வைத்த பெட்டி

ஆதிநாராயணன் தன் மதில்மேல் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை மாட்டியபோது, பக்கத்து வீட்டு ஜாக்குலின் அதைக் கேமரா என்றுதான் நினைத்தாள். அவரும் அப்படித்தான் சொன்னார். திண்டிவனத்தில் பாதுகாப்புச் சாமான் விற்கிறவர். கேமரா, அலாரம், ஷாக் அடிக்கிற தடி எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

அன்று சாயங்காலமே சத்தம் ஆரம்பித்தது. ஊசியைக் காதுக்குள் விட்டுச் சுழற்றுகிற மாதிரி ஒரு கீச்சு. பெட்டிக்கு நேரே இருந்த ஜன்னலோரத் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை ஜெஸ்வின் வீறிட்டு அழுதான். எடுத்தாலும் அழுகை, பால் கொடுத்தாலும் அழுகை.

"எனக்கு ஒன்னும் கேக்கலியே," என்றான் புருஷன் பிரான்சிஸ். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். விக்கிரவாண்டியில் லாரி டயர்க்கடை.

கண்டாச்சிபுரத்திலிருந்து மாமியார் இருதயமேரி வந்து, ஒரு சாயங்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தாள். அவளுக்கும் கேட்கவில்லை. "பால் பத்தலன்னா பத்தலன்னு சொல்லுடி. காத்துல சத்தம் வருதுன்னு கத கட்டிக்கினு இருக்காத," என்றவள், பேரனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அங்கே போன முதல் ராத்திரியே குழந்தை நிம்மதியாகத் தூங்கினான். அதுவே ஜாக்குலினுக்கு வினையாகப் போயிற்று. பிள்ளையிடம் குறையில்லை என்றால் பின்னே யாரிடம்? "அவளுக்குப் புத்தி தெளியட்டும், அப்பறம் கொண்டாந்து வுடறேன்," என்று மாமியார் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பிரான்சிஸ் மறுத்துப் பேசவில்லை. ஜாக்குலினுக்குப் பால் கட்டி மார் கல்லாகிக் காய்ச்சல் வந்தது.

அது கரண்டு போகாத நாளே இல்லாத வருஷம். கரண்டு போனால் கீச்சும் நின்றது, வந்தால் கூடவே வந்தது. அப்போதுதான் அவள் பெட்டியைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, கீழே ஆதிநாராயணன் பெட்டி வாங்க வந்த யாரோ கல்லூரிக்காரரிடம் பேசியது காதில் விழுந்தது.

"வெளிநாட்டுல பட்டாளத்துக்காரன் கூட்டத்தக் கலைக்க சத்தத்தத்தான் யூஸ் பண்றான் சார். இது அதோட தம்பி. முப்பது தாண்டுனவங்களுக்குக் கேக்காது. சின்னப் பசங்க பத்து நிமிஷம் நிக்கமாட்டானுங்க. என் வாசல்ல பைக்க போட்டுக்கினு அரட்டை அடிச்சவனுங்க ரெண்டே நாள்ல ஓடிட்டானுங்க. அடி இல்ல, காயம் இல்ல, கேஸும் இல்ல. முன்னால நிக்கிறவனுக்குத்தான் வலி, பின்னால இருந்தா ஒன்னும் தெரியாது. இனிமே சண்டையே இப்படித்தான் சார்."

அவர் தனியாக இருந்தபோது போய் நின்றாள். "இதத்தான் சார் நான் சொன்னேன். எங்க வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. என் புள்ளய கொண்டாந்து குடுத்துடுவாங்க."

"என்னம்மா சத்தம்? எனக்கு ஒன்னும் கேக்கல. கேமராம்மா அது," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்தே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம ஷாலினிய பொண்ணு பாக்க வர்றாங்க. நீ கொஞ்சம் வெளிய வராம இரு. பக்கத்துலயே இப்படி மனசு சரியில்லாத ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சா நல்லா இருக்காது பாரு."

ஜாக்குலின் திரும்பி வந்தாள். இந்த வாயாலேயே சொல்ல வைக்கிறேன், நாலு பேர் நடுவில் சொல்ல வைக்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அவர் மகள் ஷாலினி சென்னையில் வேலை பார்க்கிறவள். சனிக்கிழமை ராத்திரிதான் வந்திருந்தாள். ஞாயிறு காலையில், பையன்கள் யாரும் வாசலில் கூடிவிடக் கூடாதென்று ஆதிநாராயணனே பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போனதும் ஜாக்குலின் மதிலுக்குத் தன் பக்கம் ஸ்டூல்மேல் ஏறி, பெட்டியின் திருகைத் தளர்த்தி, அதன் முகத்தை அவருடைய ஹால் ஜன்னலுக்கு நேராகத் திருப்பி இறுக்கினாள். கீச்சு அவளைவிட்டு அப்பால் போனது. பிரான்சிஸை ஜன்னலருகே கூப்பிட்டு நிறுத்தினாள். "பேசாம பாருங்க."

எதிர் ஹாலில் மாப்பிள்ளை அரிபிரசாத் உட்கார்ந்திருந்தான். முன்மண்டை வழுக்கை. பக்கத்தில் அவன் அம்மா ஜெயம்மாள். காபித் தட்டோடு வந்த ஷாலினி நடுவில் நின்றாள். முகம் சுருங்கியது. தட்டு சாய்ந்து காபி புடவையில் கொட்டியது.

"அப்பா, அத நிறுத்துங்க. காதக் குடையுது."

"எது கண்ணு?" என்றாள் ஜெயம்மாள்.

"சத்தங்க. உங்களுக்குக் கேக்கலியா?" இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர்.

ஜெயம்மாள் மகனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். ஆதிநாராயணனுக்குப் புரிந்துவிட்டது. விழுந்தடித்து ஓடி சுவிட்சை அணைத்தார்.

"இப்ப நின்னுடுச்சு," என்றாள் ஷாலினி.

"அதுவா வருது, அதுவா போவுது," என்ற ஜெயம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "பொண்ணுக்கு இது எத்தினி நாளா இருக்குதுங்க? மாத்திர எதுனா சாப்பிடுதா? மறைக்காம சொல்லிடுங்க."

அவர் நிமிர்ந்தபோது எதிர் ஜன்னலில் ஜாக்குலின் நின்றாள். "சொல்லுங்க சார். உங்க பொண்ணு பைத்தியம் இல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

ஷாலினி அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க ஜாக்குலினுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஆதிநாராயணன் சொன்னார். பெட்டி எதற்கு, யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது எல்லாம் தலைகுனிந்தே சொன்னார். தன் குழந்தை அழுதது எதனால் என்று ஜாக்குலின் ஜன்னலிலிருந்து எடுத்துக் கொடுக்க, அதையும் ஜெயம்மாள் கேட்டு வாங்கினாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்."

அவர்கள் போனதும் பிரான்சிஸ் ஏதோ சொல்ல வந்தான். ஜாக்குலின் கையைக் காட்டி நிறுத்தினாள். நேராக ஆதிநாராயணனின் காருக்குப் போய் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"கண்டாச்சிபுரம் சார். எங்க அத்தகிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

பிரான்சிஸும் பின்னால் ஏறிக்கொண்டான். அங்கேயும் ஆதிநாராயணன் சொன்னார். இருதயமேரி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜாக்குலின் கையை நீட்டினாள். ஜெஸ்வின் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இரண்டு மாசத்தில் அம்மாவின் அடையாளம் மறந்துவிட்டது. பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உடனே அழ ஆரம்பித்தான்.

திரும்பும்போது பிரான்சிஸை அவள் ஏற்றவில்லை. "நீங்க உங்கம்மாகூட இருந்துட்டு வாங்க."

மூடிய காருக்குள் குழந்தையின் அழுகை நிற்கவேயில்லை. ஆதிநாராயணன் கண்ணாடியை இறக்கப் பார்த்தார்.

"ஏத்தியே வைங்க, தூசி அடிக்குது," என்றாள் ஜாக்குலின்.

அவர் வேகத்தைக் கூட்டினார்.

"மெதுவா போங்க சார். ஒன்னும் அவசரமில்ல."