கப்பலின் பேருக்கு அர்ச்சனை

கோவளத்திலிருந்து காலை பஸ்ஸில் மீன்கூடையோடு தாம்பரம் வரும் முத்தாலம்மாள், அந்த ஐப்பசியில் மூன்று வாரம் எங்கள் தெருவுக்கு வரவில்லை. எண்பத்தொன்பதாம் வருஷம். அவள் புருஷன் லோகுவும் அவள் தம்பி துரையும் கடலில் காற்றில் மாட்டிக்கொண்டார்கள், கட்டுமரம் மட்டும்தான் கரை ஒதுங்கியது என்று வேறொரு மீன்காரம்மா சொன்னாள்.

நாலாவது வாரம் வந்தாள். கூடை இல்லை. பின்னாலேயே லோகு நின்றிருந்தான்.

"ஒரு கப்பல்காரன் தூக்கிக்கினானாம் அக்கா. விசாகப்பட்டினத்துல எறக்கி வுட்டான். ஒம்போதாம் நாள் வூடு வந்து சேந்துச்சு. துரைதான் கெடைக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். திருநீர்மலைப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கப்பல் பேருக்கு ஓர் அர்ச்சனை. "அய்யரு பேர் கேப்பாரே, இன்னா சொல்றது? நீ புஸ்தகத்துக்கு நடுவுல வேலை செய்றவ. கண்டுபிடிச்சு குடுக்கா."

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். லோகுவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கப்பலின் பக்கவாட்டில் பார்த்த எழுத்துகளின் வடிவம் மனசில் இருந்தது.

"மூணு எழுத்து. மொதல்ல ஒரு சீப்பு. நடுவுல கம்பு. அப்புறம் ஒருத்தன் நெஞ்சை நிமித்திகினு ஒரு காலை முன்னால நீட்டிகினு நிக்கிறான்."

நான் ஆங்கிலத்தில் E, I, R என்று எழுதிக் காட்டினேன். அதேதான் என்றான். "ஏர்" என்று படித்தேன்.

"கப்பலுக்கு இன்னாத்துக்கு ஏரு?" என்று முத்தாலம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அகராதியிலும் அட்லஸிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கொடி எப்படி இருந்தது என்று லோகுவைக் கேட்டனுப்பினேன். சிவப்பு, நடுவில் வெள்ளை விளிம்போடு நீலச் சிலுவை என்றான். கொடிப் படங்களில் தேடினேன், நார்வே. அந்த வடதேசத்துப் பழைய சாமிகளைப் பற்றிய புத்தகம் ஒன்று யாரும் தொடாமல் மேல் தட்டில் கிடந்தது. கடைசிப் பக்கங்களில் பேர்களும் அர்த்தங்களும். ஓடின் என்றால் ஆவேசம். ஃப்ரேயா என்றால் சீமாட்டி. அதற்குக் கொஞ்சம் மேலே அந்த மூன்று எழுத்து. ஏயிர். நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

சனிக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன்.

"அது ஏர் இல்ல, ஏயிர். அவங்க ஊர் அம்மன் ஒருத்தி. நோயைத் தீர்க்கிறவ, நம்ம வைத்தீஸ்வரன் கோயில் தையல்நாயகி மாதிரி. அந்தப் பேருக்கு உதவின்னு அர்த்தம். கருணைன்னும் சொல்லலாம்."

லோகு தரையைப் பார்த்தபடி இருந்தான். "ஒரு கெழவன் தன் கால்ல இருந்த சாக்ஸைக் கழட்டி எனக்கு மாட்டி வுட்டான். கஞ்சி மாதிரி ஒண்ணை ஸ்பூன்ல ஊட்டுனான். நான் கும்பிட்டா கையைத் தட்டி வுட்டுட்டான். ஒரு வார்த்தை புரியல. இப்பதான் தெரியுது, கப்பல் மேலயே எழுதிகினு வந்துகீறாங்க."

முத்தாலம்மாள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடலுக்கு ஒரு அம்மா கீறாளா அதுல?"

கேட்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இருக்கா. ரான்னு பேர். அதுக்குக் கொள்ளைன்னு அர்த்தம். அவகிட்ட ஒரு வலை இருக்கு. கடல்ல முழுகினவங்களை அதுல பிடிச்சு தன் வீட்டுக்குக் கொண்டு போயிடுவாளாம்."

"வலை வெச்சிகினு கீறாளா..." அவள் முந்தானையைத் திருகினாள். "போனவங்களுக்கு சோறு போடுவாளா அக்கா?"

பக்கத்தைத் திருப்பினேன். நல்லவேளை, அதுவும் எழுதியிருந்தது.

"போடுவா. விருந்து வெச்சு நல்லா கவனிச்சுப்பான்னு அந்த ஊர்க்காரங்க நம்பினாங்களாம்."

"துரை பசி தாங்க மாட்டான்கா" என்று சொல்லி, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். லோகு அவள் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த எடத்தை இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன்.

மறுநாள் மூவரும் திருநீர்மலைப் படியேறினோம்.

"யார் பேருக்கு?" என்றார் பட்டாச்சாரியார்.

"ஏயிர்."

"என்னம்மா பேர் இது? நட்சத்திரம்?"

முத்தாலம்மாள் என்னைப் பார்த்தாள். லோகுதான் முன்னால் வந்தான். "அது கப்பல் சாமி. என்னைக் கடல்லேர்ந்து தூக்கிச்சு."

அவர் துளசித் தட்டைக் கையில் வைத்தபடியே முழுக்கதையையும் கேட்டார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவில்லை.

"தெரியாட்டி பரவாயில்லை. பெருமாளோட நட்சத்திரத்தையே சொல்லிடறேன்" என்று உள்ளே போனார். மந்திரத்தின் நடுவே 'ஏயிர்' என்று அவர் நீட்டிச் சொன்னபோது லோகு தலைக்கு மேல் கை கூப்பினான். "கப்பல்ல வேலை செய்றவங்களையும் சேத்து சொல்லு சாமி" என்று முத்தாலம்மாள் குரல் கொடுத்தாள். "சேர்த்தாச்சும்மா" என்றார் அவர்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். எத்தனை நாள் தூக்கமோ. நாங்கள் இறங்கி வேறு பஸ் மாறவேண்டிய பல்லாவரம் வந்ததும் எழுப்பப் போனேன். லோகு வேண்டாம் என்று கையைக் காட்டினான். கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அங்கிருந்து திரும்பி வந்தோம்.