முதல் போத்தலும் ஏழாவது மாடி எறும்புகளும்

கம்பெனியின் சரித்திரத்தை எழுதச் சொன்னார்கள். நான் அதைக் கம்பளத்தில் கொட்டிவிட்டேன்.

கண்ணாடிப் பெட்டியில் இருந்த எங்கள் முதல் விஸ்கி போத்தலைப் படம் எடுக்கத் தூக்கியபோது கை நழுவியது. போத்தல் பிழைத்தது. இருபத்தைந்து வருடத்துத் தக்கை நொறுங்கி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே.

நாங்கள் விஸ்கி காய்ச்சுகிறவர்கள் அல்ல. ஸ்காட்லாந்தில் யாரோ காய்ச்சியதைப் பீப்பாயாக வாங்கி, போத்தலில் அடைத்து, எங்கள் லேபிளை ஒட்டி விற்கிறவர்கள். அதிலும் நான் ஒரு சொட்டும் தொடாத ஆசாமி. லேபிளில் நான் வர்ணிக்கும் மணமெல்லாம் என் மனைவி ராதாவின் சமையலறை மணம். ஒருமுறை பெருங்காயம் என்று எழுதியதற்கு ஜெர்மனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

வீட்டுக்கு போன் போட்டேன்.

"விஸ்கி கலர் எதுல வரும்? காப்பியா, டீயா?"

"டீ டிகாஷன்தான். ஏங்க, வேலை போயிடுமா?"

"விசாவும்தான்."

டிகாஷனை ஊற்றி, புதுத் தக்கை வைத்து மூடினேன். மறுநாள் கம்பளத்தில் எறும்புச் சாரை. பர் துபாயில் ஏழாவது மாடிக்கு எறும்பு எப்படி ஏறியது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

வெள்ளிக்கிழமை வெள்ளிவிழா. ஆரம்பத்தில் முதலாளியோடு கூட்டுச் சேர்ந்த மூன்று பெரியவர்கள் வந்து, முதல் போத்தலைத் திறந்து ஆளுக்கொரு தேக்கரண்டி குடிப்பதாக ஏற்பாடு. அதில் ஒருவருக்கு நெஞ்சில் மூன்று ஸ்டென்ட். அந்த ஒரு தேக்கரண்டிக்காக டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளி பத்மநாதனின் அறைக்குப் போனேன்.

"ஐயா, அந்தப் போத்தல்ல இருக்கிறது டீ."

யாழ்ப்பாணத்துக்காரரான அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் ஊத்தினேன்."

"நீருமோ?"

"நீருமோன்னா, ஐயா?"

"கம்பளத்தில எறும்பைக் கண்டனான். விஸ்கிக்கு எறும்பு வருமோ தம்பி? உம்மட தேத்தண்ணிக்குச் சீனி போட்டனீரோ?"

"இல்லைங்க ஐயா."

"நான் போட்டனான்."

சரித்திரத்தின் முதல் அத்தியாயத்துக்காக ஆறு மாதமாக நான் கேட்டு, "பிறகு பாப்பம்" என்பதையே பதிலாக வாங்கிய கேள்வியை மறுபடி கேட்டேன். "ஐயா, அந்த முதல் விஸ்கி எப்படித்தான் இருந்தது?"

"இருக்கேல்ல. முதல் பீப்பாய் ஆகஸ்ட் வெயிலில வந்து இறங்கினது. பலகை வெடிச்சு, உள்ளுக்க ஒரு சொட்டும் இல்லை. ரெண்டாவது பீப்பாயிலதான் கம்பெனியே தொடங்கினது. அவையள் மூண்டு பேருக்கும் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. வெள்ளிக்கிழமை சொல்லுறன். நீர் பக்கத்தில நில்லும், ஓடக்கூடாது."