பழகிய கை

டீச்சருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மழலையர் பள்ளியில் வேலை. மகள் படிக்கப் போய் விடுதியில் தங்கிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒரு தொண்டு அமைப்புக்கு எழுதிப் போட்டாள். வெளிநாட்டில், ஆதரவற்ற குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்றில் சம்பளமில்லாமல் ஆறு மாதம் வேலை செய்ய அழைப்பு வந்தது. நாடு வேறு என்றாலும் அங்கே பேசுவதும் இவள் மொழிதான்.

"பேசாம ஒரு பூனைய வளக்கலாம். அதுக்குப் போயி விமானம் ஏறணுமா?" என்று கணவர் கிண்டல் செய்தார். ஆனால் பெட்டியைக் கட்டிக் கொடுத்ததும், போர்வை வைத்தாயா என்று வாசல்வரை வந்து கேட்டதும் அவர்தான்.

காப்பகம் என்பது பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து மாற்றியது. நீளமான கூடத்தில் இரண்டு வரிசையாகத் தொட்டில் கட்டில்கள். ஈரத் துணியும் பாலும் பினாயிலும் கலந்த வாடை. எந்நேரமும் எங்காவது ஒரு அழுகை. ஒன்று ஓய்ந்தால் அடுத்தது அதைப் பிடித்துக்கொள்ளும். ஆயாக்கள் வேலையைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகளை அல்ல. ஒருத்தி எல்லாரையும் குளிப்பாட்டுவாள். அடுத்தவள் துடைத்து உடுத்துவாள். இன்னொருத்தி வரிசையாக ஊட்டிக்கொண்டே போவாள். பிள்ளைகள் கைக்குக் கை மாறிப் போனார்கள். ஒருவர் மடியிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்து டீச்சர் பார்க்கவில்லை.

அவள் சும்மா இருப்பாளா? முதல் வாரமே ஆயாக்களை வட்டமாக உட்கார வைத்து, பெரிய தாளில் வண்ணப் பேனாவால் படம் போட்டு, ஒற்றுமையாக வேலை செய்வதைப் பற்றிப் பேசினாள். ஒரு பலூனைக் கீழே விழாமல் எல்லாரும் சேர்ந்து தட்ட வேண்டும் என்றாள். பலூன் ஒரு ஆயாவின் மடியில் விழுந்து அப்படியே கிடந்தது. எல்லாரையும்விட மூத்த ஆயா கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது முடிஞ்சா போலாமா? அங்க துணி ஊறுது."

அவளுக்கு அங்கே கடுகு என்று பேர். எண்ணெயில் போட்ட மாதிரி எதற்கும் பொரிந்துவிடுவாள். முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கடுகக்கா.

அன்று சாயங்காலம் டீச்சர் தாளைச் சுருட்டி வைத்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி துவைக்கும் இடத்துக்குப் போனாள். பிள்ளைகளின் துணி மலைபோல் கிடந்தது. அவள் கசக்குவதைக் கடுகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"டீச்சர் துவைக்கிற அழகுல துணிக்கே அழுகை வரும்போல இருக்கு."

இளம் ஆயா நெட்டை களுக்கென்று சிரித்தாள். வாசல்படியில் குனிந்துதான் நுழைவாள், அதனால் அந்தப் பேர். சிரிப்பு டீச்சரையும் தொற்றிக்கொண்டது. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும். கூட்டம் போட்டபோது வாய் திறக்காதவர்கள் சோப்பு நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பேசினார்கள். கடுகின் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை. நெட்டைக்கு இரண்டு தடவை நிச்சயமாகி நின்றுபோயிருக்கிறது. டீச்சர் கேட்டுக்கொண்டாள், தன் கதையையும் சொன்னாள். அப்படியே பேச்சுவாக்கில்தான் தன் யோசனையையும் போட்டு வைத்தாள்: வேலையைப் பிரிக்காமல் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டால் என்ன? குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ஒரே கை. ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி தாங்கிக்கொள்வாள்.

கடுகு துணியை உதறினாள். "வேண்டாம் டீச்சர். பழகிடும்."

"பழகட்டுமே. அதுக்குத்தானே சொல்றேன்."

"பழகினா தேடும். நாளைக்கு நான் இல்லன்னா அத யாரு பாக்கிறது?"

"அதுக்குத்தாங்க்கா நாம ஒரு குழுவா இருக்கோம். ஒருத்தர் இல்லன்னா இன்னொருத்தர்."

"நீங்க போயிட்டா?"

"நான் போனா என்ன? நீங்க எல்லாரும் எங்க போகப் போறீங்க?"

கடுகு அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தாள். மற்ற ஆயாக்கள் ஒவ்வொருத்தியாகச் சம்மதித்தார்கள். கடைசியில் அவளும் போனால் போகிறதென்று தலையாட்டினாள். அவள் பங்கில் வந்த பிள்ளைகளில் ஒன்று உம்மு.

உம்முவுக்கு மூன்று வயதிருக்கும். உம்மணாமூஞ்சி என்பதைச் சுருக்கி ஆயாக்கள் வைத்த பேர் அது. பேசாது. தூக்கினால் பலகைபோல் விறைத்துக்கொள்ளும். கட்டில் கம்பியில் நெற்றியை மெல்ல மெல்ல முட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. கடுகு அதைக் கொஞ்சவெல்லாம் இல்லை. துணி காயப்போடப் போகும்போது இடுக்கிக்கொண்டு போனாள், அவ்வளவுதான். கொடியடியில் உட்கார வைத்து, கிளிப் டப்பாவை முன்னால் வைத்தாள். பல நாள் அந்தப் பிள்ளை டப்பாவைப் பார்த்தபடியே இருந்தது. ஒருநாள் ஒரு கிளிப்பை எடுத்து நீட்டியது. கடுகு ஒன்றும் சொல்லாமல் வாங்கித் துணியில் மாட்டினாள். அது அடுத்ததை நீட்டியது.

கொஞ்ச நாளில் உம்மு அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தது. நெற்றியை முட்டுவது நின்றது. ஒருநாள் மதியம் கடுகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்த, வெளியே நின்று கதவைத் தட்டியது.

"கடு! கடு!"

உம்மு பேசி யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, உங்க மக வயசுக்கு மரியாதை குடுக்காம பேர் சொல்லிக் கூப்பிடுதுக்கா!"

கடுகு ஈரக் கையோடு வெளியே வந்தாள். பொரிவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கொடிப்பக்கம் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

டீச்சர் அன்று கணவருக்குப் போன் போட்டு, சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பிறந்ததற்கு இந்த ஒன்று போதும் என்றாள்.

கூடத்தின் மாற்றம் வெளியே தெரிய ஆரம்பித்தது. காப்பகத்தை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் விளையாடுவதையும், ஆயாக்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வேலை பார்ப்பதையும் கண்டு தலைவர் அசந்துபோனார். எப்படி இது என்று கேட்டார். டீச்சருக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற கடுகையும் நெட்டையையும் தோளில் கைபோட்டு முன்னால் இழுத்தாள்.

"எல்லாம் இவங்கதாங்க. இவங்கள எங்க கொண்டுபோய் விட்டாலும் அந்த இடத்த மாத்திக் காட்டுவாங்க."

மனதாரச் சொன்னாள். கடுகுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. தொலைவில் வேறு ஊரில் அறக்கட்டளைக்கு இன்னொரு காப்பகம் உண்டு. அங்கே நிலைமை படுமோசம். கடுகும் நெட்டையும் அங்கே போய் இதே முறையைக் கொண்டுவர வேண்டும். இங்கே தற்காலிகமாக ஆள் போட்டுக்கொள்ளலாம்.

டீச்சர் வார்டன் அறைக்கு ஓடினாள். வார்டன் கெட்ட மனிதர் இல்லை. வயிற்றுப்புண்காரர், மேலே சொல்வதைக் கீழே சொல்லிவிட்டு மாத்திரை போட்டுக்கொள்பவர்.

"சார், கடுகக்காவோட வீட்டுக்காரர் படுக்கையில இருக்காரு. அவங்க எப்படி ஊரு விட்டு ஊரு போவாங்க?"

"போக முடியலன்னா வேலைய விட வேண்டியதுதான். என் கையில என்ன இருக்கு?"

"பிள்ளைங்க என்ன ஆகும்? இப்பத்தான் ஒட்டியிருக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரலில் குத்தல்கூட இல்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, எங்க கொண்டுபோய் விட்டாலும்னு? தலைவர் அதையேதான் போன்ல திருப்பிச் சொன்னாரு."

டீச்சர் தலைவருக்கு எழுதினாள். பதில் இல்லை. போன் போட்டாள், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். ஆயாக்கள் எல்லாரும் சேர்ந்து வார்டனிடம் போனார்கள். முன்பெல்லாம் சொந்த விஷயத்துக்குக்கூடத் தனியாகப் போய் நிற்கப் பயந்தவர்கள். அவர் கேட்டுக்கொண்டார், மாத்திரை போட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

நெட்டை அந்த ஊருக்குப் போனாள். கடுகு வேலையை விட்டாள். கடைசி நாள் அவள் உம்முவிடம் போகவே இல்லை. கொடியில் கிடந்த துணியை எல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, பின்பக்கக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

உம்மு அன்று சாயங்காலம்வரை கிளிப் டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. இருட்டத் தொடங்கியதும் குளியலறைக் கதவைத் தட்டியது. டீச்சர் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே யாரும் இல்லை. பிள்ளை எட்டிப் பார்த்தது. கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டு மறுபடி தட்டியது.

மறுநாள் சாப்பாட்டை விட்டது. புதிய ஆயா ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்து, கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். திரும்பி வந்த பிறகு டீச்சர் கையால் மட்டும், அதுவும் அவள் மடியில் கிடந்தபடி, இரண்டு வாய் வாங்கிக்கொண்டது. அவளுக்குச் சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. அவளுடைய விசா முடியும் நாள் நெருங்கிவிட்டிருந்தது. நீட்டிக்கக் கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தத்தெடுக்க வழி உண்டா என்று விசாரித்தாள். பிள்ளையின் தாய் எங்கோ உயிரோடு இருக்கிறாள், அவள் எழுதிக் கொடுக்காமல் யாருக்கும் தர முடியாது, அதுவும் வெளிநாட்டவருக்கு வாய்ப்பே இல்லை என்றார் வார்டன்.

அவள் கடுகைத் தேடிப் போனாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. கட்டிலில் புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். கடுகு பிஸ்கட் பாக்கெட் போடும் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, ஆனால் அடுப்பில் டீக்குத் தண்ணி வைத்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை வாங்க. வார்டன் உள்ள விடமாட்டாரு. கேட் பக்கமா வந்து நின்னாப் போதும். நான் தூக்கிட்டு வரேன்."

"வந்து?"

"உங்களப் பாத்தா சாப்பிடும்க்கா."

கடுகு டம்ளரை நீட்டினாள்.

"வருவேன். அது எங்கிட்ட தாவும். தூக்குவேன். அப்புறம் எறக்கி விட்டுட்டுத் திரும்பி நடக்கணும்ல? அந்த ரோட்டுல நீங்க நடந்து பாத்துட்டு வந்து என்னக் கூப்பிடுங்க டீச்சர்."

டீச்சர் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எம்மேல கோவமாக்கா?"

"கோவப்படத் தெம்பு வேணாமா?" கடுகு புருஷனைப் பார்த்தாள். "காப்பகத்துக்கு வந்த புதுசுல எனக்கும் ஒரு பிள்ளை இருந்துச்சு, இது மாதிரி ஒட்டிக்கிட்டு. வேற எங்கயோ அனுப்பிட்டாங்க. அப்பவே முடிவு பண்ணேன், இனி எந்தப் பிள்ளையும் என் கைய அடையாளம் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு. உங்க பேச்சக் கேட்டு எல்லாத்தையும் மறந்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அந்தப் பிள்ளை அப்படிக் கூப்பிட்டப்போ எனக்கு... சரி விடுங்க. டீ ஆறுது, குடிங்க."

டீச்சர் குடித்தாள். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள் கடுகு. இருவருமே அதைச் சொல்லவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் டீச்சர் செய்த வேலை, உம்முவைத் தன்னிடமிருந்து பிரிப்பது. காலையில் ஒரு ஆயாவை ஊட்டச் சொன்னாள், மதியம் வேறொருத்தியை. தான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பித் திருப்பித் தேடும். அவள் பார்க்காமலிருக்கப் பழகினாள். மற்ற ஆயாக்களும் அவளிடம் கேட்காமலே பழையபடி வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் சுலபம். அவள் தடுக்கவில்லை. துணி துவைக்கும் இடத்தில் இப்போது பேச்சில்லை; தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

கிளம்புகிற அன்று உம்முவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் ஒரு முத்தம் கொடுக்கலாமா என்று டீச்சர் குளியலறை வாசல்வரை போனாள். கதவு திறந்தேதான் இருந்தது. சோப்பு நுரைக்கு நடுவே சின்ன முதுகு தெரிந்தது, முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணும்படி. காரின் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

ஊருக்கு வந்து பழைய பள்ளிக்கே போனாள். ஆனால் மழலையர் வகுப்பு வேண்டாம் என்று சொல்லிப் பெரிய பிள்ளைகளின் வகுப்பை வாங்கிக்கொண்டாள். ஏன் என்று தலைமையாசிரியை கேட்டதற்கு, முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை என்றாள். அடுத்ததாகப் போகிற தொண்டர்களுக்கு ஊழியர்களை எப்படி ஒன்றுசேர்ப்பது என்று வந்து பேசும்படி அந்த அமைப்பு கேட்டது. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். கணவர் எதுவும் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்.

சில மாதம் கழித்து நெட்டை போன் செய்தாள். அந்த ஊர்க் காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை, முறையாவது ஒன்றாவது, நாள் முழுக்க ஊட்டிக்கொண்டே இருக்கிறேன், எந்தப் பிள்ளைக்கு ஊட்டினேன் என்றுகூட நினைவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல், "டீச்சர், உங்களுக்கு ஒரு நல்ல சேதி!" என்றாள்.

"என்ன?"

"நம்ம உம்மு இப்ப நல்லாச் சாப்பிடுதாம். பழைய ஆயா ஒருத்தி சொன்னா. யாரு ஊட்டினாலும் சாப்பிடுதாம். யாரு தூக்கினாலும் போகுதாம். யாரையும் தேடறதே இல்லயாம்."

டீச்சர் போனைக் காதில் வைத்தபடி சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பேசுதா?" என்று கேட்டாள்.

"அத நான் கேக்கல டீச்சர். ஆனா எடை கூடியிருக்காம்."

"நல்லது," என்றாள் டீச்சர். நெட்டை இன்னும் கொஞ்ச நேரம் ஏதேதோ பேசினாள். டீச்சர் உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.