கிணற்றோடு வந்தவள்

வாகரைப் பக்கத்திலிருந்து இலட்சுமிப்பிள்ளை அகதியாக வந்தபோது அவளுடைய கிணறும் கூடவே வந்தது. ஷெல் விழத் தொடங்கிய அன்று மற்றவர்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஓட, அவள் பிள்ளைத்தாய்ச்சியான மகள் உசாந்தியை ஒரு கையிலும் கிணற்று வாளியைக் கயிற்றோடு மறு கையிலும் பிடித்துக்கொண்டு காட்டுவழியே நடந்தாள். உசாந்தியைக் கட்டினவன் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. செட்டிபாளையத்துக்கு அடுத்த தில்லைமுனையில், பாடசாலை மைதானத்தில், அவர்களுக்கு ஒரு தறப்பாள் கூடாரம் கிடைத்தது. மறுநாள் விடிந்தபோது கூடாரத்துக்குப் பின்னால் கிணறு நின்றது. அதே பாசி பிடித்த கட்டு. கட்டின்மேல், செத்துப்போன புருசன் ஈரச் சீமெந்தில் விரலால் எழுதிய அவளுடைய அதே பெயர். உள்ளே அதே ஒற்றைக்கண் ஆமை. "வந்திட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வாளியை இறக்கினாள்.

தில்லைமுனையில் அப்போது நல்ல தண்ணீர் கிடையாது. சுனாமி ஊருக்குள் புகுந்து போன நாளிலிருந்து எல்லாக் கிணறும் உப்பு. பவுசர் வண்டி வந்தால் தண்ணீர், வராவிட்டால் வெறுங்குடம். இப்படிக் கிடக்கிற ஊருக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு தானாக நடந்து வந்திருக்கிறது, கும்பிட்டு அள்ளியிருக்க வேண்டாமா? அள்ளவில்லை. பெரிய மனிதர்கள் அல்லவா! அந்தப் பக்கத்தில் யாரைக் கண்டாலும் முதலில் தாய்வழிக் குடி எது என்றுதான் கேட்பார்கள். கோயில் திருவிழா உரிமை முதல் கலியாணப் பேச்சு வரை எல்லாம் அதை வைத்துத்தான். ஆகவே பிள்ளையார் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் நாகரெத்தினம் ஊரைக் கூட்டி, இந்தக் கிணறு என்ன குடி என்று விசாரணை வைத்தார். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் அதை அலசினார்கள். அவர்களுடைய பெண்சாதிமாரோ இரண்டாம் நாளே குடத்தோடு போய் அள்ளத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுத் தேத்தண்ணீர் ஏன் திடீரென்று ருசிக்கிறது என்று கேட்கிற புத்திகூட அந்தச் சபையில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

கிணற்றடியில் வழிந்த தண்ணீரில் முகாம் பெண்கள் கீரையும் மிளகாயும் பயிற்றையும் போட்டார்கள். சுனாமி மணலில் ஒன்றும் முளைக்காது என்று கைவிட்டிருந்த ஊர் அந்தக் கீரையை வாங்கித் தின்றது. தின்ற வாயைத் துடைத்துவிட்டு "அகதிச் சனம்" என்று மூக்கைச் சுளித்தது. வண்ணக்கரின் பழைய வயிற்றெரிவும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது. அவர் அது பிள்ளையார் அருள் என்றார். இலட்சுமிப்பிள்ளை இவர்களை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. கோழிகள் கொத்தித் தின்னும்போது நன்றி சொல்கின்றனவா என்ன?

அந்த ஆனி மாதத்தில் ஏதோ ஒரு நிறுவனம் காசு கொடுத்தது என்று, அகதிகளின் பங்களிப்பைப் போற்றும் விழா ஒன்றை ஊர் எடுத்தது. பந்தல், ஒலிபெருக்கி, வாழைக்குலை ஒன்றுக்கும் குறைவில்லை. வண்ணக்கர் தொண்டை கட்டும் வரை பேசினார். வந்திருந்த அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார், பாடசாலை அதிபருக்குப் போர்த்தினார், மிஞ்சியதைக் கிணற்றுக் கட்டில் போர்த்தினார். கிணற்றுக்காரியை மேடைக்குக் கூப்பிட ஒரு நாயும் நினைக்கவில்லை. அவள் வரிசையில் நின்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை சர்பத் வாங்கினாள். தன் கிணற்றுத் தண்ணீர்தான், நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது.

"நல்ல தண்ணியக் கெடுத்துப்போட்டானுகள்" என்று சொல்லி மிச்சத்தை மிளகாய்க் கன்றின் அடியில் ஊற்றினாள்.

விழாப் பந்தல் பிரிக்கும் முன்னே, எல்லோரும் ஊர் திரும்பலாம், பஸ் வரும் என்று அறிவித்தல் வந்தது. இலட்சுமிப்பிள்ளைக்குத் திரும்ப ஊர் எங்கே? அவளுடைய வீட்டு வளவில் கண்ணிவெடி என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். பஸ் அவளை இன்னொரு முகாமில், நிழலில்லாத பற்றைக்காட்டில், இறக்கிவிடும். உசாந்திக்கோ நிறைமாதம். பற்றைக்குள் பிள்ளை பெறுவாளா? யாரிடமும் கைநீட்டாத இலட்சுமிப்பிள்ளை அந்தப் பிள்ளைக்காக வண்ணக்கரிடம் போய், கோயில் காணியில் ஒரு மூலை கேட்டாள்.

"வந்தவளுக்கெல்லாம் காணி குடுத்தா மறுகா ஊர்க்காரன் எங்க போறது?" என்றார் அவர். "கிணறு நிக்கட்டும். நீங்க வெளிக்கிடுங்க."

அன்றே தேங்காய் உடைத்துக் கிணற்றைத் தன் குடியில் சேர்த்துக்கொண்டார். கட்டின்மேல் இருந்த பெயருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தன் பெயரை எழுதுவித்தார். வெட்கம் கெட்ட மனிதன், எழுத்தையாவது கொஞ்சம் சின்னதாக எழுதுவித்திருக்கலாம்.

பஸ் புறப்பட்டதும் கிணறும் புறப்பட்டது. தண்ணீர் சலசலவென்று உள்ளே இழுபட்டது, கட்டு மணலுக்குள் அமிழ்ந்தது, பொன்னாடை மட்டும் வெறுநிலத்தில் கிடந்தது. தெருவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் ஈரத்தடம் வளைந்து வளைந்து போக, வண்ணக்கரும் சபையும் "நில்லு, நில்லு" என்று அதன் பின்னால் ஓடினார்கள். பஸ்ஸைத்தான் நிற்கச் சொன்னார்களா, கிணற்றைத்தான் சொன்னார்களா, அவர்களுக்கே தெரியாது. பஸ்ஸை நிறுத்தியது வண்ணக்கரின் பெண்சாதி புஸ்பம். குடத்தை இடுப்பில் வைத்தபடி நடுத்தெருவில் நின்றாள்.

"இறங்குகா, மகளையும் கூட்டிக்கு என்ட வளவுக்கு வா."

"ஆரைக் கேட்டுக் கூப்பிடுறாய்?" என்று மூச்சு வாங்கினார் வண்ணக்கர்.

"ஆரைக் கேக்கோணும்? வளவு எங்கம்மா எனக்குத் தந்த சீதனம். நீங்க கரடியனாத்தில இருந்து ஒரு றங்குப் பெட்டியோட வந்தீங்க. அந்தப் பெட்டிக்கும் பூட்டில்ல."

சபை மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டது. அங்கே வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்கு, கலியாணம் கட்டினவன் பெண் வீட்டுக்கு வருகிறவன். குடி விசாரித்துக் கிழித்த அந்த ஆண்களில் ஒருவன்கூட அந்த ஊரில் தன் சொந்தக் கூரையின்கீழ் படுக்கிறவன் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விசயம். இவ்வளவு காலமும் மறந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான். சாரதி சிரித்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான்.

மறுநாள் காலை, புஸ்பத்தின் வளவில், வண்ணக்கர் நாற்காலி போட்டுப் பேப்பர் பார்க்கும் இடத்தில் கிணறு நின்றது. நாற்காலி வேலியோரம் கிடந்தது. கிணற்றுக் கட்டின்மேல் அவருடைய பெயர் இல்லை, பழைய பெயர் இருந்தது. உசாந்தி ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள், அந்தத் தண்ணீரில்தான் குழந்தையை முதன்முதல் குளிப்பாட்டினார்கள். யுத்தம் முடிந்தது. சிவப்புப் பலகையைப் பிடுங்கினார்கள் என்று கேள்விப்பட்டு இலட்சுமிப்பிள்ளை ஒருநாள் போய்ப் பார்த்தாள். கிணறு இருந்த இடத்தில் வட்டமாக மணல், நடுவில் ஒரு எருக்கலஞ்செடி. பின்னேரப் பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாள்.

கிணறு நடந்ததைப் பற்றி இப்போது அங்கே யாரும் பேசுவதில்லை. விழா மட்டும் வருசம் தவறாமல் நடக்கிறது, வண்ணக்கர்தான் பேசுகிறார், அவள் போவதில்லை. ஆனால் காலையில், பெண்களெல்லாம் அள்ளி முடித்த பிறகு, அவர் தன் வாளியோடு கிணற்றடியில் வந்து நிற்பார். இலட்சுமிப்பிள்ளை அவசரப்படமாட்டாள். வெற்றிலையை மென்று, துப்பி, வாயைத் துடைத்துக்கொள்வாள்.

"அள்ளட்டா?" என்று கேட்பார்.

"அள்ளுங்க, அள்ளுங்க" என்பாள். "நீங்களும் வந்தவர்தானே."