மூன்று மணிச் சாப்பாடு

அண்ணன் குடும்பம் கீழ்வீட்டில், தம்பி குடும்பம் மாடியில். வீட்டுக்கு வந்த மருமகள்கள் இருவரையும் பெரியவள், சின்னவள் என்றே எல்லோரும் அழைத்தார்கள். இருவருக்கும் வேலை ஒரே முதியோர் இல்லத்தில். சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டதே பெரியவள்தான். தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியும் கொடுத்தாள். பிறகு சின்னவள் ஒரு படிப்பை முடித்து, காலை ஷிப்டுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். யாருக்கு எப்போது சாப்பாட்டு இடைவேளை என்று முடிவு செய்வது அன்றிலிருந்து அவள் கையில்.

வேலை ஏழுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியும். பெரியவளுக்கு இடைவேளை எட்டு மணிக்கு விழுந்தது. வீட்டில் குடித்த டீயே வயிற்றில் கிடக்கும் நேரம் அது. அதன்பிறகு மூன்று வரை ஒன்றும் கிடையாது. நடுவில் அவள் பலரைக் குளிப்பாட்டுவாள், உடை மாற்றுவாள், பன்னிரண்டு மணிக்கு மசித்த சோற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். அந்த வாசனை ஏறும்போது குடல் முறுக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் தினமும் எட்டு மணி? மத்தவங்களுக்கு மாத்தி மாத்தி தர்றேல்ல."

"யாராவது ஒருத்தர் அந்த நேரத்தை எடுத்துத்தானே ஆகணும்க்கா. உங்களுக்கு நல்ல நேரமாக் குடுத்தா சொந்தக்காரிக்குச் சலுகைன்னு பேசுவாங்க."

"சரி, சொந்தக்காரியா இல்லாத மாதிரியாவது நடத்து."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. அதன்பிறகு எட்டு மணி அசையவே இல்லை.

பெரியவள் வேலை பார்த்த வார்டில் ஒரு வாத்தியார் இருந்தார். கோலை ஊன்றித் தானே ஜன்னல்வரை நடப்பவர். ஒரு நண்பகல் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கும்போது பெரியவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடி நழுவியது. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அவள் எழுந்துவிட்டாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை.

விசாரணையில் மேலாளர் கேட்டார். "பசி மயக்கம்னு சொல்றாங்களே. இடைவேளை குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார். சாப்பாட்டு இடைவேளை முடிச்சிட்டுத்தான் வேலை பார்த்தாங்க," என்றாள் சின்னவள். எத்தனை மணிக்கு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பேச வாயெடுத்த பெரியவளிடம், "உங்க தரப்பை எழுதிக் குடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். எழுதிக் கொடுத்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவளைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள், மாலை ஷிப்டில். மூத்திரம் நனைந்த விரிப்புகளை இயந்திரத்தில் திணித்தபடியே அவள் கறுவிக்கொண்டிருந்தாள். எப்படி என்று தெரியாது. ஆனால் விடுவதில்லை.

மழைக்காலத்தில் சின்னவள் படியில் வழுக்கி விழுந்தாள். இரண்டு மணிக்கட்டும் போயிற்று. விரல் நுனி மட்டும் தெரிய இரண்டு கைக்கும் மாவுக்கட்டு. அவள் கணவன் கீழே வந்து நின்றான்.

"அண்ணி, எனக்கு லீவு கிடைக்கல. பகல்ல நீங்கதான் பாத்துக்கணும்."

"இதுக்கு ஏன் கெஞ்சறே? நான் வேலைக்குப் போறதே நாலு மணிக்குத்தான். நீ நிம்மதியாப் போ," என்றாள் பெரியவள். பழசை மனதில் வைக்காத மனுஷி என்று அவன் தன் அண்ணனிடம் சொன்னானாம்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் மாடிக்குப் போனாள். முகம் கழுவிவிட்டாள், தலை பின்னினாள், இரண்டு இட்லியை ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இடைவேளை முடிஞ்சுது. இனி மூணு மணிக்கு."

சின்னவள் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியவள் தன் தட்டோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். சோறு, வறுத்த முட்டை. நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள்.

"அக்கா, எனக்கு?"

"உனக்குக் குடுத்தாச்சே. காலையிலயே."

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற எதிலும் பெரியவள் குறை வைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், கழிவறைக்கு அழைத்துப்போய்க் கழுவிவிட்டாள், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போட்டாள். மதிய வலி மாத்திரையை மட்டும் தரவில்லை. அது சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டியது.

புருஷனிடம் சின்னவள் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான், எட்டு மணிக் கதையையும் சொல்லவேண்டி வரும். அது பெரியவளுக்கும் தெரிந்திருந்தது. அந்த நாட்களில் பெரியவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒருநாள் அவள் மாடியேறியபோது சின்னவள் மேசையில் முகத்தைப் பதித்திருந்தாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயெல்லாம் எச்சில். பெரியவள் கதவருகிலேயே நின்றாள். பாவம் என்று தோன்றுமோ என்று தன்னையே தடவிப் பார்த்தாள். இல்லை. இனித்தது.

பொட்டலத்தை எடுத்து எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, கீழே போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். மறுகையால் கைபேசியில் மேலாளரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நீ எனக்கு இடைவேளை எத்தனை மணிக்குக் குடுத்தேன்னு சார்கிட்ட சொல்லு. எத்தனை நாள் குடுத்தேன்னும் சொல்லு."

"அக்கா, என் பதவி போயிடும்."

"போகட்டும். வாத்தியாருக்கு நடையே போச்சு."

மணி அடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் கவளத்தைப் பார்த்தாள், பெரியவள் முகத்தைப் பார்த்தாள். மேலாளர் 'ஹலோ' என்றார்.

"சார், விசாரணையில நான் பாதிதான் சொன்னேன்," என்று தொடங்கினாள். அழுதுகொண்டே முழுவதும் சொன்னாள். இணைப்பு துண்டித்ததும் பெரியவள் கவளத்தை அவள் வாயில் வைத்தாள். சின்னவள் அழுகையை நிறுத்தாமலே மென்றாள். தட்டு காலியாகும்வரை பெரியவள் ஊட்டினாள்.

விசாரணை மறுபடி நடந்தது. சின்னவளின் பதவி போயிற்று. பெரியவள் காலை ஷிப்டுக்கே திரும்பினாள். இப்போது எல்லோருக்கும் வேலையின் நடுப்பகுதியில் இடைவேளை, மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் கிளம்பவேண்டும். விஷயம் வீட்டிலும் உடைந்தது. தம்பி மாடியைக் காலி செய்துகொண்டு போனான். "நோயாளியைப் பட்டினி போட்டியே, உனக்கு மனசு வந்துச்சா?" என்று பெரியவளின் கணவன் கேட்டான். வந்தது என்றாள். அவன் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாத்தியார் கட்டிலிலேயே கிடந்தார். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டுப் பிரித்தபின் சின்னவள் சாதாரணப் பணியாளாக வேலைக்கு வந்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை அமைந்தது. பெரியவள் இருக்கும்வரை சின்னவள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பெரியவள் அதைக் கவனித்துவிட்டாள். சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துபோக அவளால் முடியும். ஆனால் கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, மெதுவாக, வெகு மெதுவாக மென்றாள்.