பாதி வெட்டிய செட்டை

மீன்பிடிப் படகுக்கான முன்பதிவுத் தாளில் இருந்த பெயரை மூன்று முறை படித்தேன். வெர்ன் ஹாஸ்கெட், வயது எழுபத்தொன்று, ஒரே ஆள், ஒரே நாள். கடைக்காரி லோயிஸ் தூண்டில் பெட்டிகளைத் துடைக்கிற சாக்கில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்க அப்பாவேதான், டெல்லா. உன் படகுதான் வேணும், நீ இல்லன்னா வேண்டாம்னுட்டாரு. நான் என்னடி பண்ணட்டும்? வர்றவரை வராதீங்கன்னா சொல்ல முடியும்?” என்றாள். வீட்டுக்குப் போய்ப் படகைக் கழுவினேன், போன வாரம்தான் கழுவியிருந்தேன் என்றாலும்.

அப்பாவும் நானும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. ஒரே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குத் தவறாமல் போவேன். அவர் கையிலிருந்து உருளைக்கிழங்கு மசியலை அம்மா வாங்கி என் கையில் கொடுப்பாள். “உப்பு பத்தலைன்னு அவகிட்ட சொல்லு” என்பார். “உப்பு அவரு முன்னாடிதான் இருக்குன்னு சொல்லும்மா” என்பேன். நடுவில் தபால்காரி வேலை பார்த்துப் பார்த்து அம்மா சலித்துப்போய்விட்டாள். போன வருடம் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே போய்த் தனியாகச் சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் வான்கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் ஒரு மீனால் வந்தது. எங்கள் கிராண்ட் ராண்ட் ஆற்றுக்கு வரும் ஸ்டீல்ஹெட் மீன் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை, கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பிய ட்ரவுட் என்கிற ஆற்றுமீன்தான். அதில் ஆற்றிலேயே பிறந்தது ஒரு வகை, பண்ணையில் குஞ்சு பொரித்து விட்டது இன்னொரு வகை. பண்ணைக் குஞ்சுகளை ஆற்றில் விடும் முன், முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும் சின்னச் செட்டையை வெட்டிவிடுவார்கள். அந்தச் செட்டை இல்லாத மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். செட்டை இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்கக்கூடக் கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் இது தெரியும்.

நான் வழிகாட்டி உரிமம் வாங்கிய முதல் வருடம் அது. இருபத்துநாலு வயது. சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன், அந்த வயதுக்கே உரிய நெஞ்சு நிமிர்வு வேறு. நவம்பரில் ஒரு மாலை அப்பாவின் கொட்டகைக்குள் நுழைந்தபோது மேஜைமேல் ஒரு மீன் கிடந்தது, என் கை நீளத்துக்கு. மங்கிய பல்பு. முதுகில் செட்டை தெரிந்தது. “பாதி வெட்டினது அது” என்றார் அப்பா, கத்தியைத் தீட்டிக்கொண்டே. நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. வெளியே வந்து மீன்வளத் துறை வார்டனுக்குப் போன் செய்தேன். அவர் வந்து சேர்வதற்குள் மீன் துண்டு துண்டாகியிருந்தது. ஆனால் கண்ணால் பார்த்தேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா வழக்காடவில்லை. மூன்று வருடத்துக்குத் தூண்டிலைத் தொடக்கூடாது என்று தீர்ப்பானது. மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு வருடம் உழைத்து, ஓய்வு கிடைத்தால் தினமும் ஆறுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், ஓய்வின் முதல் மூன்று வருடத்தையும் தொலைக்காட்சி முன்னால் கழித்தார். “பாதி வெட்டின மீனுக்குப் பெத்த பொண்ணே காட்டிக் குடுத்துட்டா” என்று காபிக்கடையில் சொல்வாராம். ஊர் வாயை மூட முடியுமா, அது எனக்கும் வந்து சேரும்.

பாதி வெட்டிய செட்டை என்று ஒன்று உண்டா? உண்டு. அது எனக்குத் தெரிய நாலு வருடம் ஆனது. என் படகில் வந்த ஒருவர் பிடித்த மீனின் முதுகில் செட்டை இருந்தது. விடச் சொல்ல வாயெடுத்தவள் எதற்கும் இருக்கட்டும் என்று விரலால் தடவிப் பார்த்தேன். மேல்பாதி இல்லை. வெட்டி ஆறிய தழும்பு நெருடியது. பண்ணையில் அவசரத்தில் கத்தரி சறுக்கியிருக்கும். மறு வருடம் அதே மாதிரி இன்னொன்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொண்டது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் நினைப்பேன், டிசம்பர் வந்துவிடும். இப்போது அவரே வருகிறார், ஒரு நாள் முழுக்க, பதினாறு அடிப் படகில், இருவருமே எழுந்து போக வழியில்லாமல். இன்று மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி என்றைக்கும் கேட்கமாட்டேன் என்று தெரிந்தது.

காலையில் படகுத்துறையில் உறைபனி. மார்பு வரை வரும் பழைய ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு அப்பா தயாராக நின்றிருந்தார். முழங்காலில் சைக்கிள் டியூப் ஒட்டு.

“குட்மார்னிங், கைடம்மா. நான் எங்க உக்காரட்டும்?”

“முன்னாடி. நடுவுல உக்காருங்க, இல்லன்னா படகு சாயும்.”

“அவ்ளோ கனமாவா இருக்கேன்?”

“அம்மா சமையலுக்கு ஏத்த கனம்தான்.”

ஏழு வருடத்துக்குப் பிறகான பேச்சு இவ்வளவுதான். துடுப்பை எடுத்துப் படகை ஓட்டத்துக்குத் தள்ளினேன்.

நான் முதலில் நிறுத்த நினைத்திருந்த இடத்தில் வேறொரு வழிகாட்டியின் படகு நின்றது. அவருடைய ஆட்கள் இருவர் இடுப்பளவு நீரில் இறங்கியிருந்தார்கள். முந்தி வந்தவருக்கு இடம், ஓட்டத்தில் அவருக்குக் கீழே போய் இறங்குவது எங்களிடையே செருப்பால் அடிப்பதற்குச் சமம். துடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதிர்க்கரையை ஒட்டி, மீன் கலையாதபடி சத்தமில்லாமல் நழுவினோம். அப்பா அவர்களுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தார். அதற்கடுத்த நல்ல இடம் மதியத்துக்குத்தான் நிழலாகும், நிழலில்தான் ஸ்டீல்ஹெட் கவ்வும். அதுவரை ட்ரவுட் பிடிக்கட்டும் என்று சின்னத் தூண்டில் கோல் ஒன்றைக் கொடுத்தேன். இந்த ஆற்றில் எட்டுப் பருவம் படகோட்டியவள் செய்யக்கூடாத பிழை அது.

அப்பா வாழ்நாள் முழுக்க மீன்முட்டையைக் கோத்து, மிதப்பு போட்டுப் பிடித்தவர். இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி என்றால் அவருக்கு இளப்பம். “விடறதுக்குத்தான் புடிக்கறதுன்னா அத எதுக்குப் புடிக்கணும்? அதுபாட்டுக்குப் போகட்டுமே” என்று சொல்லிக்கொண்டே வீசினார். ஆனால் கை என்ன கை! பூச்சியை மீன் தொட்டதும் கோலைச் சுண்டுவார், மாட்டிக்கொள்ளும். பத்தரை மணிக்குள் ஏழு ட்ரவுட். ஒவ்வொன்றையும் விடும்போது “போய் உங்கப்பன வரச் சொல்லு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கை அந்தச் சுண்டலைப் பழகிக்கொண்டிருப்பதை நான் கவனிக்கவில்லை.

மதியம் சரளைக் கரையில் படகைக் கட்டிவிட்டு எல்க் மான்கறி சாண்ட்விச்சை எடுத்தேன். எதிர்ச் சரிவில் கருங்கல் பாறைகளுக்கு மேலே டாமராக் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகியிருந்தன. கௌதாரி ஒன்று எங்கோ கத்தியது. அப்பா ரொட்டியைப் பிரித்து உள்ளே ஊறுகாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார். இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

“அப்பா, பாதி வெட்டின செட்டை உண்டுப்பா. நான் ரெண்டு பாத்துட்டேன். மூணு வருஷமா தெரியும் எனக்கு. அன்னைக்குக் கிட்ட வந்து தடவிப் பாத்திருக்கணும். நீங்க சொன்னத நம்பியிருக்கணும். என்னால உங்க மூணு வருஷம் போச்சு. மன்னிச்சிருங்கப்பா.”

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். ஆற்றைப் பார்த்தார். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்தார். விழுங்கிவிட்டு, “ஊறுகாய் நீ போட்டதா?” என்றார்.

“அம்மா குடுத்தது.”

“அதானே பாத்தேன்.”

இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் கனம் இறங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. மனிதர் அப்படி. வாயால் மன்னித்தேன் என்று சொல்லமாட்டார், இனிமேல் உருளைக்கிழங்கை நேராக என் கையில் கொடுப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

நிழல் விழுந்த இடத்தில் இரண்டு கையால் பிடிக்கும் நீளக் கோலைக் கொடுத்தேன். ஸ்டீல்ஹெட்டுக்கு வீசுவது வேறு மாதிரி. நூலை ஆற்றுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, ஓட்டம் பூச்சியைக் கரைப்பக்கம் இழுத்துவரும் வரை சும்மா இருக்க வேண்டும். பிறகு கீழ்நோக்கி இரண்டு எட்டு, மறுபடி வீச்சு. நாலாவது வீச்சில் நூல் விறைத்தது. அப்பா காலையில் செய்தது போலவே சுண்டினார். பூச்சி வெறுமனே பறந்து வந்து அவர் தொப்பியில் குத்திக்கொண்டது.

அவர் திட்டியதை எழுத முடியாது. நான் தொப்பியிலிருந்து பூச்சியை எடுத்தேன்.

“என் தப்புதான். ட்ரவுட் புடிக்க விட்டிருக்கக் கூடாது. இழுத்தா ஒண்ணும் செய்யாதீங்கப்பா. அது பூச்சியக் கவ்விக்கிட்டுத் திரும்பும், திரும்பும்போது தானா மாட்டிக்கும். நீங்க தூக்கினா அது வாய்லேர்ந்து புடுங்கற மாதிரி ஆயிடும்.”

“ஒண்ணும் செய்யாம நிக்கறதுக்கு எதுக்குடி கைடு? வீட்டுல உங்கம்மா முன்னாடியே நின்னிருப்பேனே.”

காலையில் கைடம்மாவாக இருந்தவள் இப்போது ‘டி’க்கு இறங்கியிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. நாலரை மணிக்கு, ஆறு அகன்று வளையும் கடைசி இடத்தில் இறங்கினோம். வெயில் மலை உச்சிக்கு ஏறிவிட்டது. அப்பா தொடையளவு நீரில் நிற்க, நான் ஓர் எட்டுப் பின்னால் அவருடைய இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீச்சு, காத்திருத்தல், இரண்டு எட்டு. அவர் கால்கள் குளிரில் தடுமாறத் தொடங்கியிருந்தன. போதும் என்று சொல்ல நினைத்தபோது நூல் நின்றது. பிறகு கனமாக இழுத்தது. அவர் தோள் எழுந்ததைப் பார்த்தேன். எழுந்து பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் நின்றார். ரீல் அலறியது.

கால்மணி நேரம் ஆனது. இரண்டு முறை துள்ளியது, ஒருமுறை பாறைக்குப் பின்னால் போய் எங்களை அழவைத்தது. கடைசியில் நாங்கள் கரைப்பக்கம் பின்வாங்க, அதுவும் முழங்காலளவு நீருக்கு வந்ததும் நான் குனிந்து அதன் வாலைப் பிடித்தேன். பெண் மீன், கன்னத்தில் லேசான ரோஜா நிறம். முதுகில் செட்டை முழுசாக இருந்தது. முள்ளைக் கழற்றிவிட்டு, தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி அதை அவர் கையில் கொடுத்தேன். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் குனிந்தார். தண்ணீருக்குள்ளேயே அதன் முதுகில் கட்டைவிரலை வைத்துத் தடவினார்.

“முழுசு.”

“ஆமாப்பா. விட்டுடணும்.”

“தெரியும்.” விரலை எடுக்கவில்லை. “அதுவும் இப்படித்தான் இருந்துச்சு, டெல்லா.”

“எது?”

“கொட்டகைல கெடந்தது. பாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இத மாதிரியே முழுசு. நீ பாத்தது சரிதான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. ஆற்றுச் சத்தத்தில் அவர் குரல் வேறு தாழ்ந்திருந்தது.

“அவ்ளோ பெருசு நான் அதுக்கு முன்னாடி புடிச்சதே இல்ல. விட மனசு வரல. வாய்க்கு வந்தத உன்கிட்ட சொன்னேன், அப்புறம் அதையே ஊருக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நெஜம் மாதிரி ஆயிடுச்சு. இதச் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். மத்தியானம் நீ முந்திக்கிட்டு மன்னிப்பு கேட்டுட்ட. சரி, இப்படியே விட்டுடலாமேன்னு பாத்தேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டுக் கையைத் திறந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. காபிக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திய முகங்கள், அம்மா அடுக்களையில் தனியாகச் சாப்பிட்டது, மூன்று வருடமாக நான் சுமந்தது, எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. “ஏழு வருஷமாப்பா?” என்று கத்தியபடி அவரை நோக்கி ஓர் எட்டு வைக்கக் காலைத் தூக்கினேன்.

அவர் திரும்பாமலே உள்ளங்கையை என் பக்கம் நீட்டி நிறுத்தினார். “திட்டு. நல்லா திட்டு. ஆனா அசையாம திட்டு.”

குனிந்து பார்த்தேன். மீன் போகவில்லை. கையிலிருந்து விடுபட்டதும் பக்கவாட்டில் நழுவி, அவர் காலுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்திருந்த இடத்தில், ரப்பர் உடுப்பின்மேல் சாய்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. செவுள் திறந்து மூடியது. அப்பாவின் முழங்கால் குளிரில் வெடவெடவென்று ஆடியது. நடுக்கம் மீனுக்குத் தெரியக் கூடாது என்று இரண்டு கையாலும் தன் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் தூக்கிய காலைக் கீழே வைக்கவும் பயந்து, அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீனின் வால் அவர் கெண்டைக்காலில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.