எத்திராஜ் பறிக்க விடாத பீன்ஸ்

பீன்ஸ் கொடியைக்கூட ஒரு மனுஷன் ஃபேக்டரி ஆக்கிவிடுவான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள், கண்ணுகளா. அந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்காவிட்டால் சரளாவும் நம்பியிருக்கமாட்டாள்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டுக்குப் பின்னால், தண்ணீர் சம்ப்புக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் மண் தரை. அசோசியேஷன் அதைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். நவம்பர் கடைசி ஞாயிறு எல்லாரும் கீழே சேர்ந்து சாப்பிடுவார்கள். பாத்தி வைத்திருப்பவர் அதில் விளைந்ததைச் சமைத்துக் கொண்டுவரவேண்டும். வரவில்லையென்றால் பாத்தி கைமாறும். மூன்றாம் மாடி சௌம்யா அதற்காகவே பால்கனியில் தவம் கிடந்தாள்.

வீட்டுக்குள் உப்பு டப்பா எந்தப் பக்கம் பார்த்து இருக்கவேண்டும் என்பதுவரை புருஷன் எத்திராஜ் சொல்வதுதான். அந்த மண் மட்டும்தான் சரளாவுக்கு மிச்சம். கல் பொறுக்கி, எரு போட்டு, கீழ்வீட்டு ஆங்கிலோ இந்தியர் டிரேவர் தந்த விதையை ஊன்றினாள். குன்னூரில் இருக்கும் டிரேவரின் அக்கா அனுப்பிய ரன்னர் பீன்ஸ். மூங்கிலைப் பிடித்து மளமளவென்று ஏறி, குங்குமச் சிவப்பில் பூத்துத் தள்ளியது.

"சாண் நீளம் வந்ததும் பறிச்சிடுங்க மேடம்," என்றார் டிரேவர். "பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். முத்த விட்டீங்கன்னா, நம்ம வேலை முடிஞ்சதுன்னு கொடி படுத்துக்கும்."

அந்த நேரம் பார்த்தா எத்திராஜ் ரிட்டையர் ஆகவேண்டும்? ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவர். ஆணி, நட்டு, போல்ட்டு எல்லாம் அளந்த கை. அளக்க ஒன்றும் கிடைக்காமல் அரித்தது. ஒரு நாள் காலையில் மங்கி கேப்பும் ஸ்வெட்டருமாகப் பாத்திக்குள் இறங்கினார். ஒவ்வொரு காயிலும் நூல் கட்டி நம்பர் மாட்டினார்.

"இது என்னங்க, கைதிங்களா?"

"உனக்குத் தெரியாது சரளா. இந்த அபார்ட்மெண்ட்ல எவனும் இந்த நீளத்துக்குக் காய் பார்த்திருக்க மாட்டான். நவம்பர் ஞாயித்துக்கிழமை டேபிள்ல வரிசையா அடுக்கி வைக்கிறேன் பாரு."

"அடுக்கி வைக்கிறதுக்கா? சாப்பிடறதுக்குங்க. டிரேவர் என்ன சொன்னாருன்னா..."

"அவனுக்கு என்ன தெரியும்? பிஞ்சுல பறிக்கிறவன் பொறுமை கெட்டவன்."

இதைச் சொன்னவர், காபி ரெண்டு நிமிஷம் லேட்டானால் டம்ளரால் மேஜையைத் தட்டுகிறவர்.

பூ நின்றது. இலை பழுத்தது. காய்கள் மட்டும் தடித்துப் புடைத்துத் தொங்கின. எத்திராஜுக்கோ பூரிப்பு. போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்துவந்து, "ஏழாம் நம்பரைப் பாருங்க" என்பார். சரளா கிச்சன் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பெற்ற பிள்ளைக்கு எத்தனை பல் முளைத்தது என்று ஒரு நாள் கேட்டதில்லை இந்த மனுஷன். இப்போது பீன்ஸுக்குப் பிறந்த நாள் சொல்கிறார். த்தூ என்று துப்பத் தோன்றும். கையில் தேய்க்கிற பாத்திரம் இருக்கிறதே என்று விட்டுவிடுவாள்.

சனிக்கிழமை, செக்ரட்டரி பிரபா வந்து நின்றாள். "ஆன்ட்டி, நாளைக்கு உங்க பாத்தியிலேருந்து என்ன ஐட்டம்? சும்மா அடுக்கி வைக்கிறதெல்லாம் கணக்குல வராது. ரூல் ரூல்தான்."

அவள் போனதும் எத்திராஜ் கஞ்சத்தனமாக ஒரே ஒரு காயைப் பறித்துக்கொடுத்தார். நறுக்கப் போனால் கத்தி வழுக்கியது. குக்கரில் வைத்தாள். விசில் மேல் விசில். அவரே ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, மென்று, கடைசியில் தேங்காய் நார் மாதிரி ஒரு கற்றையை உருவி வெளியே எடுத்தார்.

"உனக்கு வேக வைக்கத் தெரியலை," என்றார்.

அவர் யோசித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஒண்ணு பண்ணலாம். கடையில நல்ல பிஞ்சு பீன்ஸா வாங்கிட்டு வர்றேன். பொரியல் பண்ணிடு. நம்ம பாத்தின்னு சொல்லிக்கலாம். எவனுக்குத் தெரியப் போகுது?"

கோபம்கூட வரவில்லை அவளுக்கு. கோபப்படவும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. "போய் வாங்கிட்டு வாங்க," என்று பையை எடுத்து நீட்டினாள்.

லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் கூடையோடு இறங்கினாள். ஒன்றாம் நம்பர், ரெண்டாம் நம்பர் என்று பார்க்கவில்லை. மொத்தத்தையும் உருவினாள். மேலே வந்து தோலைப் பிரித்தால், ஊதா நிறத்தில் கொழுகொழுவென்று கொட்டைகள். பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு அடுத்த வேலையை யாரும் சொல்லித்தரவேண்டாம். அவரைக்காய் சீசனில் எல்லா வீட்டிலும் மொச்சையைப் பிதுக்கிச் செய்கிறதுதானே. ஒரு கொதி நன்றாகக் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். பிறகு கொட்டையை ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்து அழுத்த, மேல்தோல் கழன்று பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழுந்தது. தேங்காய், கொத்தமல்லி, பச்சைமிளகாய் அரைத்து நாளைக்குக் குழம்பு. தொட்டுக்கொள்ள ராகிக் களி.

எத்திராஜ் பையோடு வந்தார். தரையெல்லாம் தோலும், நூலும், நம்பரும்.

"என் ஏழாம் நம்பர் எங்கடி?"

"வேகப் போகுது."

"எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தேன் தெரியுமா!"

"கஷ்டப்பட்டுத் தொங்கினது அதுங்க. ஸ்வல்ப வழியை விடுங்க, கூட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை குண்டான் வழித்து வைத்த மாதிரி காலியானது. டிரேவர் மூன்று தடவை வந்து ஊற்றிக்கொண்டு போனார். எத்திராஜோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். "பிஞ்சுல பறிச்சா இந்தப் பருப்பு கிடைக்குமா? அதுக்குத்தான் நான் முத்த விட்டேன். எல்லாம் ஒரு பிளான்."

சரளா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு ஆளைக் கேவலமாக நினைப்பதற்கும் ஒரு எல்லை இருக்கும் என்று இருந்தாள். இந்த மனுஷன் அதையும் தாண்டி நின்றார்.

"அப்போ பாத்தி உங்களுக்கே, சார்," என்றாள் பிரபா. "அடுத்த வருஷத்துக்கும் உங்க பேர்தானே?"

"என் பேர்," என்றாள் சரளா.

"யார் பேர்ல இருந்தா என்ன?" எத்திராஜ் சபையைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுதானே? அப்ப என் பேர்லயே இருக்கட்டும். அவர் இறங்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு இறங்கணும். பிரபா, அதையும் ரூல்ல சேர்த்துடும்மா."

எத்திராஜ் வாயைத் திறந்தார். டிரேவர் அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார். "சாப்பிடுங்க சார், ஆறிடும்."